கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஆய்வு நிலையங்களிலும் கருவி வாங்கும் கொள்முதல் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

அடுத்த டெண்டரில் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கருவி எழுதும் கோப்பை, அந்தக் கம்பெனியின் மென்பொருள் இல்லாத இன்னொரு கணினியில் திறந்து காட்ட வேண்டும். காட்டிய பிறகுதான் இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டில் உங்கள் கையெழுத்து. ஏன் கேட்கிறேன் என்று சொல்ல இரண்டு மூன்று பக்கம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேராசிரியர் இல்லை. கருவியையும் கணினியையும் இணைத்து, அளவீடுகளைச் சேமிக்க நிரல் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. உலை, நிறமாலைமானி, வெற்றிடப் பம்பு என்று எது வந்தாலும் எழுதுவேன். ஆனால் கருவி வாங்கும்போது என்னை யாரும் கூப்பிடுவதில்லை. ஐந்தாறு வருடம் கழித்து "தம்பி, பழைய ஃபைல் எதுவும் திறக்க மாட்டேங்குது" என்று போன் வரும்.

அப்படி வந்த ஒரு போனைச் சொல்கிறேன். ஊர் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். 2010 வாக்கில் வாங்கிய நிறமாலைமானி. அதன் மென்பொருள் கூடவே வந்த கணினியில்தான் ஓடும், அதற்கும் ஒரு யுஎஸ்பி டாங்கிள், அதாவது மென்பொருளைத் திறக்கும் சாவி மாதிரியான சின்னக் கருவி, செருகியிருக்க வேண்டும். கணினி ஒரு நாள் செத்துப்போனது. புதுக் கணினியில் 64 பிட் விண்டோஸ், டாங்கிளுக்கு அதில் டிரைவர் கிடையாது. கம்பெனியைக் கேட்டால் அதை வேறொரு கம்பெனி வாங்கியிருந்தது. "அந்த மாடலுக்கு சப்போர்ட் நிறுத்தியாச்சு சார், புது மாடலுக்குக் கொட்டேஷன் அனுப்பட்டுமா?" என்றார்கள். இங்கே ஓர் ஆராய்ச்சி மாணவி மூன்று வருட அளவீட்டை, கிட்டத்தட்ட 1400 கோப்புகளை, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் வியூவரில் ஒரு கோப்பைத் திறந்தோம். தலைப்பகுதியில் 512 பைட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்கு அப்புறம் நாலு நாலு பைட்டாக எண்கள் ஓடின. நல்ல வேளையாகப் பாதரச விளக்கை வைத்து எடுத்த சோதனைக் கோப்பு ஒன்று இருந்தது. அந்த எண்களை வரைபடமாகப் போட்டதும் இடப்பக்கம் ஒரு கூர்முனை, நடுவில் ஒன்று, அதை ஒட்டி இரட்டைக் கோடு. 436, 546, 577, 579 நானோமீட்டர். பாதரசத்தின் கோடுகள் எப்போதும் இதே அலைநீளங்களில்தான் விழும், அது யாரையும் ஏமாற்றாது. அலைநீள அச்சு கைக்கு வந்துவிட்டது, மாணவி முகத்தில் சிரிப்பு.

சிரிப்பு மதியம்வரைதான் நின்றது. எந்த நாளில் எவ்வளவு நேரம் ஒளியைச் சேர்த்தார்கள், பெருக்கி எந்த அளவில் இருந்தது என்பதெல்லாம் அந்தப் புரியாத 512 பைட்டுக்குள் இருந்தன. அது தெரியாமல் செவ்வாய்க்கிழமைக் கோப்பின் உயரத்தையும் வெள்ளிக்கிழமைக் கோப்பின் உயரத்தையும் ஒப்பிட வழியில்லை. கோடு எங்கே இருக்கிறது என்று சொல்லலாம், எவ்வளவு பிரகாசம் என்று சொல்ல முடியாது. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் அப்படியே கழன்றது.

இதோடு கொடைக்கானலை நினைத்துப் பாருங்கள். அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய கண்ணாடித் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாலே சூரியப் புள்ளி தெரியும். டாங்கிள் தேவையில்லை. அந்தப் படங்களைக் கணினியில் ஏற்றியபோது ஃபிட்ஸ் என்ற வடிவத்தில் ஏற்றினார்கள். வானியல்காரர்கள் 1981-ல் வெளியிட்ட வடிவம் அது. ஓர் ஆய்வகத்தில் எழுதிய காந்த நாடாவை இன்னோர் ஆய்வகத்தில் படிக்க வேண்டும் என்பதற்காகவே பிறந்தது. தலைப்பில் வரிக்கு 80 எழுத்து, 36 வரி சேர்ந்தால் 2880 பைட், அது ஒரு கட்டு. 80 என்பது பழைய துளை அட்டையின் அகலம்! இன்றைக்கும் ஒரு ஃபிட்ஸ் கோப்பை நோட்பேடில் இழுத்துப் போட்டால் முதல் வரியில் 'சிம்பிள்' என்ற சொல் கண்ணில் படும். கீழே தொலைநோக்கி, தேதி, ஒளிபட்ட நேரம் எல்லாம் வெறும் எழுத்தாக இருக்கும். ஒருமுறை சரியாக எழுதிய ஃபிட்ஸ் கோப்பு என்றைக்கும் செல்லுபடியாக வேண்டும், புதிய விதி எதுவும் பழைய கோப்பைச் செல்லாததாக்கக் கூடாது என்பது அவர்கள் விடாமல் காக்கும் கொள்கை.

எல்லாக் கருவிக்கும் ஃபிட்ஸ் பொருந்தாது என்பது சரிதான். பத்து சென்சார், ஒவ்வொன்றும் ஒரு வேகம், நடுவில் கேமரா படம் என்று போனால் எச்டிஎஃப்5 என்ற கோப்பு வடிவம் வசதி. இலினாய் பல்கலைக்கழகத்தின் சூப்பர்கணினி மையத்தில் 1987-ல் தொடங்கிய வேலையின் ஐந்தாம் பதிப்பு இது, 1998-ல் வந்தது. ஒரு பீரோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அறைகள், அறைக்குள் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் எண் அடுக்கு, பெட்டியின் மேல் சீட்டு ஒட்டி அலகு, அளவுத்திருத்தம், கருவியின் சீரியல் நம்பர். பீரோ முழுவதும் ஒரே கோப்பு.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2013-ல் ஏவிய இன்சாட்-3டி செயற்கைக்கோளின் படத்தரவை இஸ்ரோ எச்டிஎஃப்5 கோப்பாகத்தான் தருகிறது. வெப்ப அகச்சிவப்புப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் 10 பிட் எண். அந்த எண் எத்தனை கெல்வின் என்று சொல்லும் 1024 வரி அட்டவணையும் அதே கோப்பிலேயே கூட வருகிறது. எண்ணையும் அதன் பொருளையும் பிரித்து வைக்கவில்லை பாருங்கள். அந்த மாணவியின் 1400 கோப்பில் இல்லாமல் போனது இதுதான்.

"எக்ஸெல்லில் எடுத்துக் கொடுக்கிறார்களே, போதாதா?" என்று உங்களில் ஒருவர் கேட்பார் என்று தெரியும், ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். எக்ஸெல் தாளில் 10,48,576 வரிதான். நொடிக்கு ஆயிரம் அளவீடு எடுக்கும் கருவி பதினேழரை நிமிடத்தில் அதை நிரப்பிவிடும். தவிர, அந்த எக்ஸ்போர்ட் பொத்தான் பெரும்பாலும் ஒரு நேரத்துக்கு ஒரு கோப்புதான் எடுக்கும். 1400 தடவை அழுத்திப் பாருங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடந்த சில வருடங்களாக கம்பெனிக்காரர்களே "எச்டிஎஃப்5 சப்போர்ட் உண்டு" என்று டெண்டருக்குத் தரும் தொழில்நுட்ப விவரத்தில், டெக்னிக்கல் பிட் என்போமே அதில், டிக் போட்டுத் தருகிறார்கள். அந்த டிக்கை நம்பி விட்டுவிடாதீர்கள். எச்டிஎஃப்5 கோப்பை எழுதவும் படிக்கவும் உதவும் மூல லைப்ரரி சி மொழியில் இருக்கிறது. அதை நேராகத் தொட்டு எழுதுகிறவர்கள் குறைவு. பைத்தானில், மேட்லாபில், லேப்வியூவில், டாட்நெட்டில் எழுதுகிறவர்கள் அந்த லைப்ரரியின் மேல் சுற்றிய உறை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள், ரேப்பர் என்போமே அதைத்தான். நானும் அப்படித்தான். சி-யில் ஐம்பது வரி பிடிப்பதை ரேப்பரில் இரண்டு வரியில் முடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு ரேப்பருக்கும் தனக்கென ஒரு பழக்கம் உண்டு. அது கோப்புக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், வெளியே பார்த்தால் தெரியாது.

மற்றவர்களைக் குறை சொல்லும் முன் என் கதை. 2013-ல் ஓர் உலைக்கு வெப்பநிலை பதிவு செய்யும் நிரல் எழுதினேன். பைத்தானில் பாண்டாஸ் லைப்ரரி அப்போது புதிய மோகம். அட்டவணையை அப்படியே எச்டிஎஃப்5-ல் கொட்ட அதில் ஒரே வரி போதும், கொட்டினேன். அட்டவணையில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. ஆபரேட்டர் சில நாள் ஒரு சொல் எழுதுவார், சில நாள் காலியாக விடுவார், என் நிரல் சில நாள் அதில் ஒரு பட்டியலையே சொருகும். இப்படிக் கலவையாக இருப்பதை எச்டிஎஃப்5-ன் எந்த வகையிலும் அடக்க முடியாது. பாண்டாஸ் என்ன செய்தது? பைத்தானுக்கு மட்டுமே புரிகிற முறையில் அதைக் கட்டி உள்ளே வைத்துவிட்டது. அந்த முறைக்குப் பெயர் பிக்கிள். ஊறுகாயேதான். "இதை ஊறுகாய் போடப் போகிறேன்" என்று திரையில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. வேகம் குறையலாம் என்றுதான் அதில் எழுதியிருந்தது. வேகத்தைப் பற்றி எனக்கு என்ன கவலை, எச்சரிக்கை வராமல் அடைக்க ஒரு வரி எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

2020-ல் பைத்தான் 2-க்கு விடை கொடுத்தாயிற்று. ஆய்வகத்தில் எல்லாக் கணினியிலும் பைத்தான் 3. பழைய ஊறுகாயை அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சரி, பாண்டாஸ் இல்லாமல் நேராகவே பார்க்கலாம் என்று, எச்டிஎஃப்5 கோப்பின் உள்ளே காட்டும் எச்டிஎஃப்வியூ என்ற நிரலில் திறந்தேன். வெப்பநிலை, நேரம் என்று பெட்டிகள் இருக்கும் என்று நினைத்தால், 'ஆக்சிஸ்0', 'பிளாக்0_வேல்யூஸ்', 'பிளாக்1_வேல்யூஸ்' என்று இருக்கிறது. அடுக்கி வைத்தவனுக்கு மட்டுமே தெரிந்த பெயர்கள். அலகு எங்கும் இல்லை. கெல்வினா செல்சியஸா என்பதை எண்ணைப் பார்த்து ஊகித்தேன். உலை அணைந்திருந்த ஞாயிற்றுக்கிழமையில் 303 என்று இருந்ததால் கெல்வின். கடைசியில் கழிவுக்குத் தள்ளியிருந்த ஒரு பழைய கணினியைத் தூசி தட்டி, அதில் இருந்த பைத்தான் 2.7-ல் எல்லாவற்றையும் திறந்து மறுபடி எழுதினோம். அந்தக் கணினி ஏலத்துக்குப் போக ஒரு வாரம் பாக்கி இருந்தது.

ஆக, அது பெயருக்கு எச்டிஎஃப்5. டெக்னிக்கல் பிட்டில் தாராளமாக டிக் போட்டிருக்கலாம்.

இன்னொன்று, இது சிரிப்பாகவே இருக்கும். லேப்வியூ நேரத்தை 1904 ஜனவரி 1-லிருந்து நொடியாக எண்ணுகிறது. யூனிக்ஸ் வழி வந்தவை 1970 ஜனவரி 1-லிருந்து. லேப்வியூவில் எழுதிய நேரத்தைப் பைத்தானில் அப்படியே படித்தால் 66 வருடம் தள்ளிப் போகும். ஒரு மாணவரின் வரைபடத்தில் அச்சில் 2080 என்று இருந்தது. வழிகாட்டி கையெழுத்தும் போட்டிருந்தார். எண்ணுக்குப் பக்கத்தில் 'எந்த நாளிலிருந்து' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் தீர்ந்தது. நெட்சிடிஎஃப் என்ற கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தும் வானிலைக்காரர்கள் 'இந்தத் தேதியிலிருந்து இத்தனை நொடி' என்று அலகிலேயே எழுதும் மரபை வைத்திருக்கிறார்கள். பார்த்து எழுதினாலே போதும்.

மேட்லாப் எண் அடுக்குகளைப் பத்தி வாரியாக வைக்கும், சி வழி வந்தவை வரிசை வாரியாக. மேட்லாபின் 7.3 வகைக் கோப்பு உள்ளே எச்டிஎஃப்5-தான், ஆனால் பைத்தானில் திறந்தால் படம் பக்கவாட்டில் திரும்பிக் கிடக்கும். சதுரப் படமாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து. எச்5பை என்ற பைத்தான் ரேப்பர் 2020-ல் 3.0 பதிப்புக்கு வந்தபோது, அதுவரை எழுத்தாகப் படித்துக் கொடுத்ததைப் பைட்டுகளாகக் கொடுக்கத் தொடங்கியது. காரணம் நியாயமானது, குறை சொல்லவில்லை. ஆனால் "மாதிரியின் பெயர் இதுவா?" என்று ஒப்பிட்டு ஓடிய நிரல்கள் "எதுவும் இல்லை" என்று பதில் சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் முடிந்தன. பிழை என்று எந்தச் செய்தியும் வராது.

அப்புறம் சுருக்கும் முறை. வேகமான எக்ஸ்-கதிர் டிடெக்டர்கள் பிட்ஷஃபிள், எல்இசட்4 என்ற முறைகளில் தரவைச் சுருக்கி எழுதுகின்றன. அவ்வளவு வேகத்துக்கு அவை தேவைதான். ஆனால் அவற்றை விரிக்கும் பிளகின் என்ற துணை நிரல் எச்டிஎஃப்5-ன் உள்ளே வருவதில்லை, தனியாக நிறுவ வேண்டும். அது இல்லாத கணினியில் கோப்பு திறக்கும், பெட்டிகள் தெரியும், அளவு தெரியும், எண்ணைக் கேட்டால் மட்டும் கையை விரிக்கும். நீண்ட காலம் வைக்கப்போகும் பிரதியை எச்5ரீபேக் என்ற இலவசக் கருவியால், எச்டிஎஃப்5-ஓடு வழக்கமாகவே வரும் ஜிசிப் முறைக்கு மாற்றிவிடலாம். இடம் கொஞ்சம் கூடலாம், போகட்டும்.

கரண்ட் விஷயம் உங்களுக்கே தெரியும். 2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். இப்போது அவ்வளவு இல்லை, ஆனாலும் யுபிஎஸ் பேட்டரியை யார் மாற்றுகிறார்கள்? எச்டிஎஃப்5 தன் உள் அட்டவணையில் ஒரு பகுதியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கோப்பை மூடும்போதோ இடையில் நாம் கேட்டுக்கொண்டாலோதான் வட்டில் எழுதும். இரவு முழுக்க ஓடிய அளவீடு, விடியற்காலை நாலு மணிக்கு கரண்ட் போனால், எண்கள் பெரும்பாலும் வட்டில் இருக்கும், எது எங்கே என்ற அட்டவணை இருக்காது. திறக்கப் போனால் கோப்பு பாதியில் வெட்டுப்பட்டிருப்பதாகச் செய்தி வரும். நிமிடத்துக்கு ஒருமுறை வட்டில் இறக்கு என்று ஒரு வரி எழுதினால் இந்த நஷ்டம் பெரிதும் குறையும். ஒருவர் எழுத, மற்றவர்கள் கூடவே படிக்கும் வசதியும் 2016-ல் வந்த 1.10 பதிப்பிலிருந்து இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளிலேயே இதைச் செய்யாதவற்றைப் பார்த்திருக்கிறேன்.

எச்டிஎஃப்5 குறையில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. சிக்கலான வடிவம், வெகுகாலம் ஒரே ஒரு சி லைப்ரரியையே நம்பியிருந்தது. ஆனால் அதன் விவரக்குறிப்பு யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்திருக்கிறது. அந்த லைப்ரரியைத் தொடாமலேயே எச்டிஎஃப்5 படிக்கும் நிரல்களை ஜாவாவிலும் பைத்தானிலும் வேறு ஆட்கள் எழுத முடிந்தது அதனால்தான். டாங்கிள் கோப்புக்கு அப்படி யார் எழுதுவார்கள்?

சரி, நிபந்தனை. டெக்னிக்கல் ஸ்பெசிஃபிகேஷனில் கீழ்க்கண்டவாறு சேர்க்கலாம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "கருவி தரும் மூல அளவீடுகள் அனைத்தும், விவரக்குறிப்பு பொதுவில் வெளியிடப்பட்ட வடிவில் சேமிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு அடுக்கின் பெயர், அலகு, அளவுத்திருத்த எண்கள், கருவியின் சீரியல் நம்பர், அமைப்புகள், நேரம் தொடங்கும் நாள் ஆகியவை அதே கோப்பில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு நிரல்மொழியால் மட்டுமே விரிக்கக்கூடிய பொருள்கள் கோப்பில் இருக்கக் கூடாது. தனிச் சுருக்கமுறை பயன்படுத்தினால் அதன் பிளகின் மூலநிரலோடு தரப்பட வேண்டும். கோப்பின் அமைப்பை விளக்கும் ஆவணம் கருவியோடு வர வேண்டும்."

இதில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை, எந்த பிராண்டுக்கும் சாய்வு இல்லை. ஆகவே தணிக்கைக்காரர் கேள்வி கேட்க இடமில்லை. டெக்னிக்கல் பிட்டிலேயே இருப்பதால் எல்லாருக்கும் ஒரே தராசு, எல்-1, அதாவது குறைந்த விலை சொன்னவர், யார் என்பது அதற்கு அப்புறம்தானே வருகிறது. "எங்கள் அல்காரிதம் ரகசியம்" என்று ஒரு கம்பெனி சொல்லலாம். ரகசியத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நாம் கேட்பது நம் மாதிரியை வைத்து, நம் மின்சாரத்தில், நம் மாணவி இரவு கண் விழித்து எடுத்த எண்களை.

எழுதி வாங்கினால் மட்டும் போதாது, இன்ஸ்டலேஷன் அன்றைக்குச் சோதித்துப் பார்க்க வேண்டும். சர்வீஸ் இன்ஜினியர் வந்திருக்கும்போதே ஒரு சின்ன அளவீடு எடுக்கச் சொல்லுங்கள். கோப்பைப் பென் டிரைவில் எடுத்து, அவர்கள் மென்பொருள் எதுவும் ஏற்றாத ஒரு கணினியில் எச்5டம்ப் என்ற இலவச நிரலால் திறக்கச் சொல்லுங்கள். தலைப்பை மட்டும் காட்டு என்றால் ஒரு திரைக்குள் வந்துவிடும். அதைப் பார்த்து, கருவியைத் தெரியாத ஒருவர், வேறு துறைக்காரராக இருந்தால் இன்னும் நல்லது, "இது வெப்பநிலை, அலகு கெல்வின், இந்த நாள் இந்த நேரம் எடுத்தது" என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். அடுத்து, அளவீடு ஓடிக்கொண்டிருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் அந்த மென்பொருளைக் கொன்றுவிட்டு, பாதியில் நின்ற கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது சோதனையைக் கேட்டதும் இன்ஜினியர் முகம் மாறும். எனக்கு அது பழகிவிட்டது.

மொத்தம் அரை மணி நேரம். இதே அரை மணி நேரத்தை உங்கள் துறை மாணவர்கள் தாங்களே எழுதும் நிரல்களுக்கும் செலவிடச் சொல்லுங்கள். என் உலை நிரலை அன்றைக்கு யாராவது இப்படிச் சோதித்திருந்தால் 'பிளாக்1_வேல்யூஸ்' என்ற பெயரைப் பார்த்ததுமே என்னைப் பிடித்திருப்பார்கள்.

எச்5டம்ப் மட்டும் ஏற்றிய பழைய மடிக்கணினி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கிறது. அடுத்த இன்ஸ்டலேஷன் எந்தத் தேதி என்று சொல்லி அனுப்புங்கள், வந்துவிடுகிறேன். கட்டணம் வேண்டாம், கேன்டீனில் ஒரு காபி போதும்.

இப்படிக்கு,
கருவிகளுக்கு நிரல் எழுதிப் பிழைக்கும் ஒருவன்